விசில் இல்லாத இன்ஜின்

ஜூன் 10, திங்கள்

பரணிலிருந்து மாடல் ரயில் வைத்த பெட்டியை இன்று இறக்கினேன். தாரணி தவழ ஆரம்பித்த வருஷம் கட்டி மேலே போட்டது. குழந்தை சக்கரத்தைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்கிறாள் என்று சுலோசனா அன்று ஒரே சத்தம். அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி மூன்று வருஷமாக ஓசூரில் இருக்கிறாள். இனி எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

மூன்று இன்ஜின், பதினொரு பெட்டி, ஒரு மூட்டை தண்டவாளம். நான் ரயில்வேயில் அசிஸ்டெண்ட் டிரைவராக இருந்தபோது ஒரு சீனியர் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவை. ஒவ்வொரு இன்ஜினும் ஒரு சாண் நீளம். ஒன்று அமெரிக்க ஆல்கோ டீசல். அதற்கு நம் ஊர் வண்டி மாதிரி நானே பெயின்ட் அடித்திருக்கிறேன். கிரீஸ் கல்லாக இறுகிக் கிடக்கிறது.

நிஜ ஆல்கோவை முப்பத்தாறு வருஷம் ஓட்டியவன். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. பேப்பர் படித்தேன், நடைப்பயிற்சி போனேன். போதும்.

ஈரோடு கொல்லம்பாளையம் வீட்டில் முன்னறை சும்மாதான் கிடக்கிறது. தாரணி படித்த அறை. அங்கேயே பலகை போடப் போகிறேன்.

சுலோசனா அடுக்களையிலிருந்து ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். "சரி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து நின்று, பாலைப் பார்த்துக்கச் சொன்னேனே, அடுப்பெல்லாம் வழிந்து கிடக்கிறது என்றாள். சொல்வதைத் தெளிவாகச் சொன்னால் என்ன?

ஜூன் 14, வெள்ளி

பழைய டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருக்கிறது. குமிழைத் திருகினேன், ஆல்கோ நகர்ந்தது. ஆனால் பழைய முறையில் ஒரு தொல்லை. மின்சாரம் தண்டவாளத்தில் போகிறது, அதனால் தண்டவாளத்தில் இருக்கிற எல்லா இன்ஜினும் சேர்ந்தே ஓடும். ஒன்றை நிறுத்தி ஒன்றை ஓட்ட முடியாது. டிஜிட்டலில் ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்திருக்கும். கூப்பிட்ட இன்ஜின் மட்டும் வரும். ஸ்பீக்கர் வைத்தால் சத்தமும் வரும்.

கோயமுத்தூர் உக்கடத்தில் இம்தியாஸ் என்று ஒருவர் இந்த வேலை செய்கிறார். போனில் பேசினேன். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசுவார் போல. எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 22, சனி

இம்தியாஸ் விவரமாக எழுதியிருக்கிறார். கன்ட்ரோல் இரண்டு வகை. செல்போன் திரையைத் தேய்த்து ஓட்டுவது ஒன்று, கையில் பிடிக்கிற குமிழ் வைத்த பெட்டி இன்னொன்று. அவர் செல்போனைச் சொல்கிறார். வயர் தொல்லை இல்லையாம். எனக்கு வேண்டாம். வண்டி ஓட்டுகிறவன் கைக்குப் பிடிமானம் வேண்டும். திரையைத் தேய்ப்பதற்கு நான் என்ன காய்கறி ஆர்டர் செய்கிறேனா?

சத்தத்திலும் இரண்டு வகை. அமெரிக்காவில் பதிவு செய்ததைப் போட்டே வருவது ஒன்று. வெற்றாக வாங்கி நமக்கு வேண்டிய பதிவை ஏற்றிக்கொள்வது இன்னொன்று. நம் ஊர் யார்டில் நின்ற ஆல்கோவைப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிவு செய்தது அவரிடம் இருக்கிறதாம். இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். ஹாரன், பிரேக், நின்றபடி ஓடும் ஐட்லிங்கில் அந்தத் தடதட, வேகம் ஏறும்போது மேலே எழும்புமே டர்போவின் விசில், எல்லாம் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். "சார் மாதிரி ஓட்டின ஆளே சொன்னா வேற யார் சொல்லணும்?" என்று பதில் போட்டிருக்கிறார்.

ஜூலை 1, திங்கள்

மோட்டார் பிரஷ் ஒன்று அடிச்சட்டத்தைத் தொடுகிறது. அப்படியே சர்க்யூட்டை வைத்தால் புகைந்துவிடும். பிரித்து, இடையில் காகிதம் செருகி, டேப் ஒட்டினேன். நாள் முழுவதும் அதற்கே போயிற்று.

ஜூலை 7, ஞாயிறு

சுலோசனா கோபியில் இருக்கிற அவள் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருக்கிறாள். செல்போனை இங்கேயே மறந்து வைத்துவிட்டாள். நான் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்திருக்கும்போது அது பளிச் பளிச் என்று மின்னியது. தாரணி.

அம்மா ஊரில் இல்லை என்றேன். பரவாயில்லை என்றாள் போலிருக்கிறது. பேசிக்கொண்டே போனாள். லைன் சரியில்லை. ஓசூர் பக்கம் டவர் அப்படித்தான். இவளும் அவள் அம்மா மாதிரி வாய்க்குள் பேசக் கற்றுக்கொண்டாள். இடையிடையே சரி கண்ணு, சரி கண்ணு என்றேன். டிஜிட்டல் கன்ட்ரோல் வாங்கியதைச் சொன்னேன், ஆல்கோவுக்கு சத்தம் வைக்கப் போவதைச் சொன்னேன். கடைசியில் "வரட்டுமா" என்று மட்டும் தெளிவாக விழுந்தது. ஆடிப்பெருக்குக்குத்தான் கேட்கிறாள். அதற்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கிறதே.

"இப்ப எதுக்கு கண்ணு அலைச்சல்? அங்கயே இரு. ஆடி பதினெட்டுக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாரோ என்னவோ.

சால்டரிங் முனை ஆறிப்போயிருந்தது. மறுபடி சூடேற்றி மீதி நாலு வயரையும் முடித்தேன்.

ஜூலை 13, சனி

சர்க்யூட் வந்தது. இன்ஜினுக்குள் மாட்டினேன். ஹாரன் அற்புதம். ஐட்லிங் சத்தம் மேஜைப் பலகை வழியாக முழங்கை வரைக்கும் ஏறுகிறது. ஆனால் வேகம் ஏற்றினால் டர்போ விசில் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் காலி.

சுலோசனாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "விசில் கேக்குதா?"

"கேக்குதுங்க. காதக் கிழிக்குது."

ஹாரனைச் சொல்கிறாள். குக்கர் விசிலுக்கும் டர்போ விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதவளைக் கேட்டது என் தப்பு.

வால்யூமுக்கு ஓர் எண் இருக்கிறது. அதைக் கடைசி வரை ஏற்றினேன். அப்போதும் இல்லை.

ஜூலை 20, சனி

இம்தியாஸுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். விசில் நன்றாக இருக்கிறதே சார் என்கிறார். பொறுத்துப் பார்த்தேன். பிறகு ரயில் மாடல் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டேன். முப்பத்தாறு வருஷம் ஆல்கோவின் முதுகில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், இந்தப் பதிவு பம்மாத்து, டர்போ விசில் இல்லாத ஆல்கோ தலையில்லாத முண்டம் என்று. நூற்று நாற்பது பேர் இருக்கிற குழு. "சார் காது தங்கக் காது", "இந்த மாதிரி ஆளுங்க சொன்னாத்தான் தரம் வரும்" என்று வரிசையாகப் போட்டார்கள். ஒருவர் அதே கடையில் கொடுத்திருந்த ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன் என்று எழுதியிருந்தார்.

இம்தியாஸ் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வேறு சர்க்யூட் அனுப்புகிறேன், எதுவும் தர வேண்டாம் என்று தனியாக எழுதினார். தப்பு செய்தவன் அப்படித்தான் பணிவான்.

குழுவில் எழுதியதைத் தாரணிக்கும் அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தாரணி வரவில்லை. சுலோசனா மட்டும் அவள் தங்கச்சியோடு பவானி கூடுதுறைக்குப் போய் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

சாயங்காலம் நான் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் வந்து நின்று பேசினாள். நான் குனிந்திருந்தேன். தாரணி, மாப்பிள்ளை பிரகதீஷ் என்று பெயர்கள் மட்டும் விழுந்தன. அவர்கள் வராததைத்தான் சொல்கிறாள். "சரி, பாத்துக்கலாம் விடு" என்றேன்.

நிமிர்ந்தபோது இல்லை. போய்விட்டாள்.

ராத்திரி சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தாள். கூட உட்காரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாவது சர்க்யூட்டிலும் விசில் இல்லை.

பக்கத்து வீட்டு நாச்சிமுத்து வாத்தியார் வந்தார். பலகையைச் சுற்றிப் பார்த்தார். வண்டியைக் காட்டிக் கையை மேலும் கீழும் ஆட்டி ஏதோ சொன்னார். ஆசைப்படுகிறார் என்று ஹாரனை நாலு தடவை அடித்துக் காட்டினேன். சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. இந்த வெயிலில்!

ஆகஸ்ட் 19, திங்கள்

இம்தியாஸ் நேரிலேயே வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நரைத்த தாடி, தோளில் பை. சுலோசனா காப்பி கொடுத்தாள். என்னிடம் பேசாதவள் அவரிடம் பாதை எப்படி, பஸ்ஸில் கூட்டமா என்று விசாரித்தாள்.

செல்போனை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் பிடித்தார். சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற ஆப்பாம். வண்டியை ஓட்டச் சொன்னார். வேகம் ஏற ஏறத் திரையின் வலது பக்கத்தில் ஒரு கோடு ஊசி மாதிரி எழும்பியது.

"இதுதானுங்க சார் விசில்" என்று விரலை வைத்தார். "இவ்ளோ இருக்கு."

"மெஷின் ஆயிரம் காட்டும். காதுதான் கணக்கு" என்றேன்.

அவர் என் பின்பக்கமாகப் போனார். நான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து நின்று, என் மேஜை மேலிருந்த காகிதத்தை இழுத்து எழுதிக் காட்டினார்:

"சார், உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டேன்."

எழுத்து அழகாக இருந்தது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. என் வீட்டுக்கு வந்து எனக்கே பரீட்சை வைக்கிறாயா, சரக்கு சரியில்லை என்றால் காது சரியில்லை என்பாயா என்று கத்தினேன். அவர் பையை எடுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார். எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. தறிப்பட்டறையில இருந்தாரு." அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது எனக்குப் புரிந்தது.

சுலோசனா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "வேணுங்கறது மட்டும் கேக்கும் அவருக்கு" என்று அவரிடம் சொன்னாள். அதையும் உதட்டில்தான் படித்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

2014 கடைசியில் ஒரு நாள் என் வண்டியில் டர்போ விசில் இல்லை. டர்போ பழுது என்று ஷெட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் வேறு வண்டி. அதிலும் விசில் இல்லை. அப்போது தெரிந்துகொண்டேன்.

வெளியில் சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். டிரைவருக்குக் கண்ணும் காதும் ஏ-ஒன்னாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸில் மேஜை போட்டு உட்காரவைத்து லீவு ரிஜிஸ்டர் எழுதச் சொல்வார்கள். நேற்று வரை என் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் வண்டியை எடுப்பான், நான் அவனுக்கு லீவு எழுத வேண்டும். முடியாது என்று முடிவு செய்தேன்.

மெடிக்கலில் காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பட்டனை அழுத்தும்போது அந்த அம்மாளின் தோள் லேசாக அசையும். நான் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. என் பெயர் அப்படி.

வண்டியில் பெரிய சிரமம் இல்லை. சிக்னல் கண்ணுக்குத் தெரிவது. அசிஸ்டெண்ட் வாயைத் திறந்தால் என்ன சொல்வான் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். மற்ற இடத்தில் ஒரே வழி. யார் எதைச் சொன்னாலும் சரி என்பது. பத்தில் ஒன்பது பேச்சுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மனிதர்கள் சொல்வதில் அவ்வளவு விஷயம் இல்லை.

ஏழு வருஷம் அப்படி ஓட்டினேன். ஒரு விபத்து இல்லை. ஒரு மெமோ இல்லை. என்னால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வரவில்லை. இதை யார் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 28, புதன்

மதியம் தூங்கி எழுந்தால் வீடு திறந்து கிடக்கிறது. சுலோசனாவைக் காணோம். நாச்சிமுத்து வாத்தியார் உள்ளே வந்து தோளைத் தொட்டார். வெகு நேரமாகக் கதவைத் தட்டினாராம். ஒரு நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார்: தாரணி ஓசூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சுலோசனா பஸ் ஏறிவிட்டாள். உங்களைக் கூப்பிட்டு எழுப்பிப் பார்த்தாளாம்.

சேலம் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கன்னம் நீலம் பாரித்திருக்கிறது. கதவு இடுக்கில் கையை வைத்து அழுத்தியிருக்கிறான் பிரகதீஷ். பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோ வைத்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். அவன் வரவில்லை. அவன் அம்மா வந்து, வீட்டுக்கு வீடு இருப்பதுதானே என்று சொல்லிவிட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துப் போனாளாம்.

பெண்கள் வார்டு. எட்டுக் கட்டில். நான் போனதும் தாரணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன் கண்ணு எங்கிட்ட சொல்லல?"

சுலோசனா எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "உங்ககிட்டத்தானுங்க சொன்னா. முதல்ல உங்ககிட்டத்தான் சொன்னா. ஜூலை மாசம், நான் கோபிக்குப் போன அன்னிக்கு."

ஜூலை ஏழு. நான் எழுதி வைத்திருக்கிறேனே.

தாரணி சுவரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னாள்.

"கேக்கல கண்ணு" என்றேன். ஒன்பது பத்து வருஷத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "திரும்பிச் சொல்லு. எனக்குக் கேக்கல."

திரும்பினாள். எழுந்து உட்கார்ந்தாள். பிறகு வார்டு முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அடிக்கறாருப்பா, ஒரு வருஷமா அடிக்கறாருன்னு சொன்னேன். நீங்க சரி கண்ணுன்னீங்க. கழுத்தப் புடிச்சாருன்னு சொன்னேன். சரி கண்ணுன்னீங்க. அப்புறம் இன்ஜினுக்கு சத்தம் வெக்கறேன்னீங்க. இங்க இருக்க முடியலப்பா, வீட்டுக்கே வரட்டுமான்னு கேட்டேன். இப்ப எதுக்கு அலைச்சல், அங்கயே இருன்னீங்க."

கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"எனக்குக் காது கேக்கல, தாரணி. சத்தியமா."

"ஒரு சாண் வண்டியில விசில் கொறையுதுன்னு கோயமுத்தூர் வரைக்கும் சண்ட புடிச்ச காது. நூறு பேரு தங்கக் காதுன்னு எழுதினத எனக்கே அனுப்பினீங்களே. அதுக்கு நான் சொன்னது கேக்கலையா?"

படுத்துக்கொண்டாள். ஆடிப்பெருக்கன்று சுலோசனாவும் வாசற்படியில் நின்று இதைத்தான் சொல்லியிருக்கிறாள். பாத்துக்கலாம் விடு என்றேனாம். என்றேன்.

செப்டம்பர் 4, புதன்

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து சுலோசனாவும் தாரணியும் கோபிக்குப் போய்விட்டார்கள், சித்தி வீட்டுக்கு. ஈரோட்டில் இறங்கவில்லை. பஸ் நம் ஊரைத் தாண்டித்தான் போகிறது. நான் மட்டும் இறங்கினேன்.

செப்டம்பர் 12, வியாழன்

காது டாக்டரிடம் போனேன். அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டேன்.

தாளில் கோடு இடது பக்கம் கொஞ்சம் நேராக வந்து, பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்குகிறது. "எத்தன வருஷமா இப்படி?" என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, பத்து என்றேன்.

செப்டம்பர் 21, சனி

மெஷின் வந்தது, இரண்டு காதுக்கும். தெருவில் வந்து நின்றால் செருப்புக்கூடச் சத்தம் போடுகிறது. வீட்டில் ஃபேன் கிறீச்சிடுகிறது. எத்தனை வருஷமாகவோ.

ஆல்கோவை ஓட்டினேன். விசில் இருந்தது. முதல் சர்க்யூட்டிலும் இருந்தது, இரண்டாவதிலும். மண்டையைத் துளைக்கிற சத்தம். இரண்டு மாசம் இதை வாத்தியார் வீட்டு ஜன்னலுக்கு நேராக வைத்து ஓட்டியிருக்கிறேன். அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன்.

வாட்ஸப் குழுவில் எழுதினேன். பதிவில் குறை இல்லை, என் காதில்தான் குறை, இம்தியாஸிடம் நிறுத்திய ஆர்டர்களை மறுபடி கொடுங்கள் என்று. நாலு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் பெரிய மனசு சார் என்று எழுதினார். அதைப் படிக்க முடியவில்லை. குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

இம்தியாஸுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார். பாப்பா எப்படி இருக்கு?" என்றார். சுலோசனா அன்று காப்பி கொடுக்கும்போது அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். ஊர் பேர் தெரியாத ஒருவரிடம். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

கோபிக்குப் போனேன். சட்டைப் பையில் டாக்டர் கொடுத்த தாள்.

தாரணி கட்டுப் பிரித்த கையால் ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். பயிற்சியாம். தாளை மடியில் வைத்தேன். நன்றாகப் பார்த்தாள். கணக்கில் அவள் எப்போதும் முதல். கோடு எங்கே விழுகிறது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"இது செப்டம்பர்ல எடுத்ததுப்பா" என்றாள்.

"இப்பத்தான் எடுத்தேன் கண்ணு. காது போயி பத்து வருஷமாச்சு." மெடிக்கலில் தோளைப் பார்த்துக் கையைத் தூக்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தால் நம்புவாள் என்று நினைத்தேன்.

நம்பினாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும். கேக்காதுன்னு தெரிஞ்சேதான் அன்னிக்குப் போன எடுத்தீங்க. தெரிஞ்சேதான் சரி சரின்னீங்க." பந்தைக் கீழே வைத்தாள். "கேக்காம இருந்தது தப்பில்லப்பா. கேக்கல, இன்னொருக்கா சொல்லுன்னு ஒரு வார்த்த. நான் சொல்லியிருப்பேனே. பத்து வாட்டி வேணும்னாலும் சொல்லியிருப்பேனே. அதச் சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கௌரவம் கொறஞ்சு போச்சு?"

குரல் உயரவே இல்லை. மெஷின் நல்ல மெஷின். ஒரு எழுத்து தப்பவில்லை.

தாளை மடித்து என்னிடம் நீட்டினாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."

சாப்பிட்டேன். கொத்தவரங்காய்ப் பொரியல், ரசம்.

அக்டோபர் 14, திங்கள்

பலகையைப் பிரித்தேன். தண்டவாளம், கன்ட்ரோல், மூன்று இன்ஜின் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டி உக்கடத்துக்கு அனுப்பினேன். யாருக்காவது மாட்டிக் கொடுங்கள் என்று. முன்னறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 17, வியாழன்

கட்டில் வந்தது. ஜன்னலுக்குத் திரை வேண்டும். தாரணிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. பச்சை வாங்கினேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இருவரும் வரவில்லை. வாத்தியார் வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. வெடிச் சத்தம் தாங்காமல் மெஷினைக் கழற்றி வைத்தேன். பிறகு போன் வந்தால் என்ன செய்வது என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 16, சனி

சுலோசனா வந்தாள். ஒரு நாளைக்கு மட்டும். தாரணியின் சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துப் போக வந்ததாகச் சொன்னாள். கோயமுத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமை சேர வேண்டும்.

முன்னறையைக் காட்டினேன். சுவர், கட்டில், திரை. நின்று பார்த்தாள். திரையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அவள் குரல் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. நான் நினைத்துக்கொண்டிருந்தது பத்து வருஷத்துக்கு முந்தைய குரல்.

மத்தியானம் நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்தாள். அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கச்சியோடு போனில் பேசினாள்.

"இல்ல, அவருக்குக் கேக்காது, நீ சொல்லு… ஆமா, ரெண்டு ரூம்பு வீடு, அடுப்பெல்லாம் இருக்குது. நானும் அவகூடவே இருந்துக்கறேன்… எங்க சொல்றது? இப்ப ஒண்ணும் சொல்லல. துணிய மட்டும் எடுத்துட்டுப் போறேன். போயி பத்து நாள் கழிச்சு, வரலன்னு சொல்லிக்கலாம்… சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. முப்பது வருஷமா இந்த வீட்டுல சுவத்துக்கிட்ட பேசியாச்சு."

கண்ணை மூடிக்கொண்டு படுத்தே இருந்திருக்கலாம். எனக்கு அது கைவந்த வேலை. பஸ் ஏற்றிவிட்டு வந்து, பத்து நாள் எதுவும் தெரியாதவனாக இருந்து, போன் வந்ததும் சரி என்று சொல்லியிருக்கலாம்.

எழுந்து போனேன்.

"சுலோ. மெஷின் போட்டிருக்கேன். கேட்டுச்சு."

அவள் கையில் மடித்த புடவை இருந்தது. என்னைப் பார்த்தாள். பயப்படுவாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. புடவையைப் பெட்டிக்குள் வைத்து, மேலே இன்னொன்றை வைத்தாள்.

"நல்லதாப் போச்சுங்க. திருப்பிச் சொல்ற வேலை மிச்சம்."

பெட்டியை மூட முடியவில்லை. நான் முழங்காலை வைத்து அழுத்தினேன், அவள் ஜிப்பை இழுத்தாள்.

பஸ் ஸ்டாண்ட் வரை பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன். கோயமுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மாத்திரை டப்பா சாமி அலமாரியில் இருக்கிறது, பால்காரனுக்கு இனி அரை லிட்டர் போதும் என்று சொல்லுங்கள் என்றாள். தலையை ஆட்டினேன்.

"வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "அட்ரஸ் சொல்லு, எழுதிக்கறேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். சுலோசனா கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டாள்.

"அவகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றாள்.